கருப்பு வால்நட் கட்டையில் வில்: அகலம், நீளம், வெள்ளை மரம் குறித்து ஆலோசனை தேவை

கொலம்பஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே குடியிருக்கிறேன். சென்ற ஆண்டு வசந்தகாலப் புயலில் பக்கத்து வீட்டாரின் தோட்டத்தில் நின்றிருந்த கருப்பு வால்நட் மரம் ஒன்று வேரோடு சாய்ந்துவிட்டது. அவர் அடிமரத்தை ரம்பத்தால் அறுக்காமல் இரும்பு ஆப்புகளை வைத்துப் பிளந்து, அதில் நேராக வந்த ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். அதைக் கொண்டு முழுக்க முழுக்க மரத்தாலான, பசையோ கண்ணாடி இழையோ சேராத வில் ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். மரவேலையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு; வில் செய்வது இதுவே முதல் முறை.

கட்டையின் விவரம் இது. நீளம் 74 அங்குலம், அகலம் 3½ அங்குலம், கனம் ஏறத்தாழ 2½ அங்குலம். மரத்தில் சாறு ஏறியிருந்த பருவத்தில் விழுந்ததால் பட்டை கையால் இழுக்கும்போதே உரிந்து வந்துவிட்டது. அதன் அடியில் இருக்கும் பரப்பு எந்தக் கருவியும் படாமல் வழவழவென்று இருக்கிறது. வெட்டுமுகங்கள் இரண்டுக்கும் மெழுகு பூசி, தரையில் படாமல் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தேன். ஈரப்பதமானி இப்போது 11 விழுக்காடு காட்டுகிறது. வெளிப்புறத்தில் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளை மரமும், அதற்கு உட்புறத்தில் சாக்லேட் நிற வைரமும் (முதிர்ந்த உள்மரம்) உள்ளன. நடுவிலிருந்து 14 அங்குலத் தொலைவில் பட்டாணி அளவுக்கு ஒரு கணு இருக்கிறது. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை சற்றே முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

என் இழுப்பு நீளம் 28 அங்குலம். இழுவிசை 45 பவுண்டு போதும். இலக்குப் பலகையில் எய்வதற்குத்தான், வேட்டைக்கு அல்ல. படங்களில் காணும் பழைய ஆங்கிலேய நெடுவில்லைப் போல ஒடுக்கமாகவும், வயிற்றுப் பக்கம் உருண்டையாகவும், வால்நட்டின் கருநிறம் முழுக்கத் தெரியும்படியும் செய்ய ஆசை. இந்த மரம் அந்த வடிவத்துக்கு இடம் கொடுக்குமா? கொடுக்காது என்றால், எந்த அளவுகளில் வரைந்து வெட்டத் தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வில்லும் உளியும் எழுதியது:

வணக்கம் நண்பரே. நல்ல கட்டை உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பிளந்தெடுத்த கட்டை என்பதும், பட்டைக்கு அடியில் உள்ள பரப்பு சேதமில்லாமல் இருப்பதும் பெரிய நன்மைகள். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வடிவம் இந்த மரத்துக்கு உரியதன்று.

ஆங்கிலேய நெடுவில் யூ மரத்தை வைத்து வளர்ந்த வடிவம். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலுக்கடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்கள் எல்லாம் யூ மரத்தால் ஆனவை. அந்த மரத்தின் வெள்ளை இழுவையை நன்றாகத் தாங்கும். அதன் வைரம் நசுக்கலை அதைவிடவும் நன்றாகத் தாங்கும். வில்லை வளைக்கும்போது எதிரியை நோக்கும் முதுகு இழுபடுகிறது, உங்களை நோக்கும் வயிறு நசுங்குகிறது. ஒடுக்கமான, உருண்டையான வயிற்றில் நசுக்கல் முழுவதும் நடுவில் ஓடும் மெல்லிய கோட்டின் மேல் குவிகிறது. யூ அதற்கு ஈடுகொடுக்கும். வால்நட் ஈடுகொடுக்காது, ஒன்று நிரந்தரமாக வளைந்து போகும், அல்லது வயிற்றின் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் விழும். கோடு விழுந்த வில்லை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

அகன்ற, தட்டையான வில்லே வால்நட்டுக்குப் பொருத்தமானது. இது நவீனக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கின் ஹோல்மேகார்ட் சதுப்பில் கிடைத்த, பல்லாயிரம் ஆண்டு பழைமையுடைய எல்ம் மர விற்கள் அகன்று தட்டையாகவே இருக்கின்றன. உங்கள் கண்டத்திலேயே, மாசசூசெட்ஸின் சட்பரி என்ற ஊரில் 1660-இல் பெறப்பட்டதாகக் கூறப்படும் பூர்வகுடியினரின் ஹிக்கரி மர வில் ஒன்று ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதன் கைகளும் (பிடிக்கு இரு பக்கமும் வளையும் பகுதிகள்) பட்டையானவை. யூ கிடைக்காத இடங்களில், கிடைத்த மரத்தின் இயல்புக்கு ஏற்ப வில்லின் உருவத்தை வகுத்தவர்கள் அவர்கள். நீங்களும் அந்த வழியிலேயே செல்லுங்கள்.

நான் இந்தக் கட்டையில் வரைந்தால் இப்படித்தான் வரைவேன். நாண் வெட்டிலிருந்து நாண் வெட்டு வரை 68 அங்குலம். நடுவில் வளையாத பிடி 4 அங்குலம். பிடியிலிருந்து கைகளுக்குச் சரியும் பகுதி ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம். ஆக, வளையாமல் நிற்பது 8 அங்குலம். வளையும் நீளம் ஒரு கைக்கு 30 அங்குலம். வளையும் மொத்த நீளம் இழுப்பு நீளத்தின் இருமடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. உங்களுக்கு அது 56. இங்கே 60 இருக்கிறது. சரிவு முடியும் இடத்தில் அகலம் 2 அங்குலம்; அதே அகலம் கையின் பாதி வரை; பிறகு நுனியில் ½ அங்குலம் வரும்வரை நேராகக் குறையலாம். பிடியின் அகலம் 1¼ அங்குலமும் கனம் 1¾ அங்குலமும் இருக்கட்டும். கைகளின் கனத்தை முதலில் 16 மில்லிமீட்டரில் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போவதை டில்லரிங் (வளைத்துப் பார்த்துச் சுரண்டி, வளைவைச் சீராக்குவது) செய்யும்போது வில்லே சொல்லும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நடுக்கோட்டை நூல் பிடித்து நேராகப் போடாதீர்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே பென்சிலும் போக வேண்டும். கோடு சற்று நெளிந்து போனால் வில்லும் நெளிந்திருக்கட்டும்; நுனிகள் விலகி நின்றால் பிறகு ஆவியில் சூடாக்கி நேராக்கிக்கொள்ளலாம். குறுக்கே வெட்டுண்ட நாரை எதைக் கொண்டும் சேர்க்க முடியாது.

வளைவும் விசையும் எழுதியது:

மேலே ஐயா கூறியதற்கு எண்களில் ஆதாரம் இருக்கிறது. இயந்திரப் பொறியியல் படித்தவன் என்பதால் அதை மட்டும் சேர்க்கிறேன்.

விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் இயங்கும் அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகம் உள்நாட்டு மரங்கள் பலவற்றைச் சோதித்து அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அதன்படி உலர்ந்த கருப்பு வால்நட்டின் முறிவுத் தகைவு (வளைக்கும்போது முறியும் முன் தாங்கும் அளவு) ஏறத்தாழ 101 மெகாபாஸ்கல், யங் குணகம் (மரத்தின் விறைப்பைக் காட்டும் எண்) 11.6 கிகாபாஸ்கல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.87 விழுக்காடு வருகிறது. பசிபிக் யூ மரத்துக்கு அதே கணக்கைச் செய்தால் 1.13 வருகிறது. முறிவதற்கு முன்பே மரம் சற்று இணங்கிக் கொடுக்கும் என்பதால் இவற்றை எல்லைக்கோடாகக் கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு மரத்தை மற்றொன்றோடு ஒப்பிட இந்த விகிதம் நன்றாக உதவுகிறது. ஒரே அளவு வளைவை யூ எளிதாகத் தாங்கும்போது வால்நட் ஏன் திணறுகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

இனி வடிவத்துக்கு வருவோம். வளைந்த கையின் மேற்பரப்பில் உள்ள நார் எவ்வளவு நீள வேண்டும் அல்லது சுருங்க வேண்டும் என்பது, கையின் கனத்தில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கிறது. இந்தக் கணக்கில் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 12 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையான கை 760 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைந்தால் திரிபு (அந்த நீட்சி அல்லது சுருக்கத்தின் விகிதம்) 0.79 விழுக்காடு. ஒடுக்கமான நெடுவில்லில் அதே இழுவிசையைப் பெற 22 மில்லிமீட்டர் கனம் வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். பிடியும் சேர்ந்து வளைவதால் ஆரம் 900 ஆகப் பெருகினாலும் திரிபு 1.2 விழுக்காட்டைத் தாண்டிவிடும். முதலாவது வால்நட்டுக்கு உட்பட்டது, இரண்டாவது யூவுக்கே கடினமானது.

ஆகையால் அகலத்தைக் கூட்டி, கனத்தைக் குறைப்பதே வழி. கையின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். கனத்துக்கோ அதன் மும்மடியில் மாறும். கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுரண்டி எடுத்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. கடைசி நேரத்தில் ஓரிரு சீவல்களுக்கே இழுவிசை சட்டென்று இறங்குவதற்குக் காரணம் இதுதான். 1930-களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக் போன்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர்கள் வில்லைக் கணக்கில் ஏற்றியபோதும், வட்டமான குறுக்குவெட்டைவிடச் செவ்வகக் குறுக்குவெட்டே மரத்தைச் சீராக வேலைவாங்குகிறது என்ற முடிவுக்கே வந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். முதல் வில் என்பதால், பாதி வரை ஒரே அகலம் என்பதற்குப் பதிலாக, சரிவு முடியும் இடத்தில் 2¼ அங்குலத்தில் தொடங்கி நுனியில் ½ அங்குலம் வரை ஒரே நேர்கோட்டில் குறையும் கூம்பு வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். நாண் கையை வளைக்கும் திருப்புத்திறன் நுனியில் சுழியமாகத் தொடங்கி, பிடியை நோக்கி ஏறக்குறைய சீராகக் கூடிக்கொண்டே போகிறது. அகலமும் அதே விகிதத்தில் கூடினால், கை முழுவதும் ஒரே கனத்தில் இருந்தாலே வளைவு எல்லா இடத்திலும் சமமாக, வட்டத்தின் வில்லாக அமைந்துவிடும். இரு பக்கமும் ஒரே கனம் என்பதைக் காலிப்பரை வைத்து அளந்துகொண்டே போகலாம். ஒரே அகலமுள்ள கையில் கனத்தை நுனியை நோக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கண் பழக வேண்டும்.

கொலம்பஸ்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஏன் ஒடுக்கமான வில் கூடாது என்பது இப்போது தெளிவாகப் புரிகிறது. கூம்பு வடிவத்தில் வரையலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அளவுகளைக் கட்டையின் மேல் வரைந்து பார்த்தபோது வேறொரு சிக்கல் தெரிகிறது. கையின் கனம் 12 மில்லிமீட்டர். என் கட்டையில் வெள்ளையோ 20 மில்லிமீட்டர். பட்டைக்கு அடியில் உள்ள பரப்பையே முதுகாக வைத்துக்கொண்டால் இரண்டு கைகளும் முழுவதும் வெள்ளையாகவே இருக்கும். வால்நட் என்று அடையாளம் காட்டும் கருநிறம் பிடியில் மட்டுமே மிஞ்சும். வெள்ளையைச் செதுக்கி எடுத்துவிட்டு வைரத்திலேயே வில் செய்தால் என்ன கேடு? வெள்ளைதான் இழுவையைத் தாங்கும் என்று பலரும் கூறுகிறார்களே, அது வால்நட்டுக்கும் பொருந்துமா?

தேக்குப் பட்டறை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நான் வில் செய்பவள் அல்ல. வால்நட்டில் நாற்காலியும் மேசையும் செய்து வருபவள். மரத்தைப் பற்றி மட்டும் கூறுகிறேன்.

வலிமையைப் பொறுத்தவரை வெள்ளைக்கும் வைரத்துக்கும் சொல்லத்தக்க வேறுபாடு பெரும்பாலான மரங்களில் இல்லை; வால்நட்டும் அப்படியே. மரம் முதிரும்போது வெள்ளையின் உயிரணுக்கள் செயலிழந்து, நிறம் தரும் பொருள்கள் அவற்றில் படிகின்றன. நார் அதே நார்தான். வைரத்துக்குப் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது என்பதே பெரிய வேறுபாடு. அந்த வகையில் உங்கள் வெள்ளையைக் கவனமாகப் பாருங்கள். அகன்ற இலை மரங்களின் வெள்ளையில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வரும் பொடிவண்டு வால்நட்டை விரும்பும். குண்டூசித் தலை அளவில் துளைகளும், அவற்றின் கீழே மாவு போல மெல்லிய தூளும் இருந்தால் அந்தப் பகுதியில் வில் செய்ய வேண்டாம்.

வைரத்தில் வில் செய்யலாம் என்பதே என் எண்ணம். ஆனால் நிறத்தைப் பின்தொடர்ந்து செதுக்கக் கூடாது. வெள்ளையும் வைரமும் சந்திக்கும் எல்லை எப்போதும் ஓர் ஆண்டு வளையத்தோடு ஒத்துப் போவதில்லை. ஓரிடத்தில் மூன்று வளையம் உள்ளே போய், மற்றோரிடத்தில் வெளியே வந்துவிடும். எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே சீவினால் முதுகில் பல வளையங்கள் வெட்டுப்பட்டு நார்கள் நுனி நுனியாக நிற்கும். பிளவு அங்கிருந்துதான் கிளம்பும். ஒரே வளையத்தைத் தேர்ந்து, அதன் மேற்பரப்பு முனை முதல் முனை வரை உடையாமல் வரும்படி இறங்க வேண்டும். அந்த வளையத்தின் மேல் ஆங்காங்கே வெள்ளைத் தீற்றல் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும்; அழகாகத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு செய்திகள். 11 விழுக்காடு ஈரம் என்பது மேசைக்குச் சரி. வில்லுக்கு 8 முதல் 10 வரை இருப்பது நல்லது என்று வில் செய்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு உள்ள அறையில் மரம் 9 விழுக்காட்டில் நிலைகொள்ளும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 30 வரை இறங்கிவிடும். அங்கே வைத்தால் மரம் 6 விழுக்காட்டுக்குப் போய் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்காமல் நின்றால் உலர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்தது, வால்நட் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும் என்பதால் முகமூடி இல்லாமல் அரத்தை எடுக்க வேண்டாம். கருப்பு வால்நட் சீவல் குதிரை இலாயத்தில் விரிப்பாகப் போடப்பட்டால் குதிரைகளுக்குக் குளம்பழற்சி வரும். ஒஹாயோவில் குதிரை வளர்ப்போர் நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

வில்லும் உளியும் எழுதியது:

தங்கை கூறியதில் எனக்கு முழு உடன்பாடு, ஒன்றைத் தவிர. வைரத்தில் செய்யலாம் என்பது உண்மைதான். முதல் வில்லில் செய்யலாமா என்பதே கேள்வி.

ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வளையத்தைத் தேடி இறங்குவது எளிது. வசந்தத்தில் வளர்ந்த மரம் நொறுநொறுவென்று துளைகளாக இருக்கும். கோடையில் வளர்ந்தது கெட்டியாக இருக்கும். இரு கைப்பிடிக் கத்தி நொறுக்குப் பகுதியில் போகும்போது ஒலியே மாறும். அந்த ஒலி நின்ற இடத்தில் கையையும் நிறுத்திவிடலாம். வால்நட்டில் துளைகள் பெரியதிலிருந்து சிறியதாகப் படிப்படியாக மாறுகின்றன. எங்கே ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் கத்தியின் ஒலி சொல்லாது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கை வைத்து, நிழலைப் பார்த்துச் சுரண்டித் தகட்டால் இறங்க வேண்டியிருக்கும். 20 மில்லிமீட்டர் வெள்ளையில் எத்தனை வளையங்கள் இருக்கும் என்று வெட்டுமுகத்தில் எண்ணிப் பாருங்கள். அத்தனையையும் தாண்டி இறங்க வேண்டும். உங்கள் கையிலோ இயற்கையே முடித்துக் கொடுத்த முதுகு ஒன்று இருக்கிறது. பட்டை உரிந்த அந்தப் பரப்பில் ஒரு நார்கூட அறுபடவில்லை. அதைவிடச் சிறந்த முதுகை யாராலும் செதுக்க முடியாது. எனவே அதைத் தொடாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

கருநிறத்தை முற்றிலும் இழந்துவிடுவீர்கள் என்பதும் இல்லை. பிடியின் கனம் 1¾ அங்குலம், அதாவது 44 மில்லிமீட்டர். அதில் முதுகுப் பக்கம் 20 மில்லிமீட்டர் வெள்ளை போக, மீதி அனைத்தும் கருவைரம். பிடியிலிருந்து கைக்குச் சரியும் இடத்தில் வெள்ளையும் கருமையும் சந்திக்கும் கோட்டை உங்கள் உளி குறுக்காக வெட்டிச் செல்லும். அங்கே கருநிறம் நாக்கு வடிவத்தில் நீண்டு வெள்ளையில் முடியும். எண்ணெய் பூசிய பிறகு பாருங்கள்.

இனி டில்லரிங் பற்றி. வில்லின் உயிர் வரைபடத்தைக் காட்டிலும் இதில்தான் இருக்கிறது. முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றிப் பிடியை அழுத்தி, இரு கைகளும் சற்றேனும் இணங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு தளர்வான நீள நாணைப் பூட்டி, சுவரில் பொருத்திய டில்லர் கம்பத்தில் வில்லை ஏற்றி, கயிற்றையும் கப்பியையும் கொண்டு இழுத்தபடி தள்ளி நின்று பாருங்கள். நடுவில் எடைத்தராசு ஒன்று தொங்கட்டும். இழுப்பு 15 அங்குலமாகவே இருந்தாலும் தராசு 45 பவுண்டைக் காட்டியதும் நிறுத்திவிட வேண்டும். முடிந்த வில்லில் வராத பளுவை முடியாத வில்லின் மேல் ஏற்றினால் வயிறு அப்போதே நசுங்கத் தொடங்கிவிடும்.

எங்கே சுரண்டுவது என்று கண்ணால் தெரியாத நிலையில் நான் பயன்படுத்துவது ஒரு சிறிய கட்டை. ஐந்து அங்குல நீளமுள்ள தட்டையான மரத்துண்டின் நடுவில் துளையிட்டு, பென்சில் ஒன்றை இறுக்கமாகச் செருகுங்கள். வில்லை வளைத்து நிறுத்தி, வயிற்றின் மேல் அந்தக் கட்டையை வைத்தால் அதன் இரு முனைகளும் மரத்தைத் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். மிக அதிகமாக வளைந்திருக்கும் இடத்தில் வைத்து, பென்சில் முனை மரத்தை எட்டியும் எட்டாமலும் இருக்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு கட்டையை நுனி வரை தள்ளிக்கொண்டே போனால், வளையாமல் விறைத்து நிற்கும் இடங்களில் மட்டும் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்டுங்கள், விழாத இடத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் வில்லை அரை இழுப்பில் முப்பது தடவையாவது இழுத்துவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும்; மரம் புதிய கனத்துக்குப் பழகுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது.

நாணை அவிழ்த்த உடனே, வில்லின் முதுகு ஒரு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள். முடிந்த வில்லில் அந்த விலகல், அதாவது நிலைவளைவு, ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் வால்நட்டுக்கு அது நல்ல விளைவு. டில்லரிங் பாதியிலேயே அந்த அளவை எட்டிவிட்டால் இழுவிசையை 40-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

வளைவும் விசையும் எழுதியது:

ஐயாவின் கருத்தை ஏற்கிறேன். கூடுதலாக ஒன்று: அம்பு பிடியின் நடுவுக்குச் சற்று மேலே கடந்து போவதால், இரு கைகளும் சமநீளமாக இருந்தால் கீழ்க்கையின் மேல் சற்று அதிகப் பளு விழுகிறது. ஆகவே கீழ்க்கை மேல்கையைவிட இம்மியளவு விறைப்பாக இருக்க வேண்டும். நாணேற்றிய நிலையில், சரிவு முடியும் இடத்திலிருந்து நாணுக்குள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தால் மேல்கையில் அது 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். இந்தக் கணக்கு கட்டையில் எந்த முனையைக் கீழே வைப்பது என்பதையும் தீர்மானிக்க உதவும். குறையில்லாத பாதியைக் கீழ்க்கையாக வைத்துக்கொள்ளலாம்.

கொலம்பஸ்வாசி எழுதியது:

அனைவரும் எடுத்துக்கொண்ட அக்கறைக்கு நன்றி கூறச் சொற்கள் போதவில்லை. முதுகைத் தொடாமல், 68 அங்குலத்தில், 2¼ அங்குலத்திலிருந்து ½ அங்குலத்துக்கு இறங்கும் கூம்பு வடிவத்தை வரைந்துவிட்டேன். நாரைப் பின்பற்றி வரைந்ததில் கோடு மேல்கையில் கால் அங்குலம் இடப்பக்கம் வளைந்து போகிறது. கொட்டகையில் நல்ல வெளிச்சத்தில் தேடிப் பார்த்தேன். பூச்சித் துளை எதுவும் இல்லை. அதே மரத்தில் பிளந்த இன்னொரு துண்டு பக்கத்து வீட்டாரிடம் இருக்கிறது. கேட்டு வாங்கி, அதில் வளையம் தேடி வைரத்துக்கு இறங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மூன்று ஐயங்கள் மிச்சம். கணுவை மேல்கையில் வைத்திருக்கிறேன். புதிய நடுக்கோட்டின்படி அது ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே விழுகிறது. அதை எப்படிக் கையாள்வது? பாதுகாப்புக்காக முதுகில் பச்சைத்தோலோ லினன் துணியோ ஒட்ட வேண்டுமா? முறுக்கை முன்பே எடுக்க வேண்டுமா, பிறகா?

வில்லும் உளியும் எழுதியது:

கணு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகாமல் உள்ளே விழுந்தது நல்லது. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கணுதான் ஆபத்து. அதைச் சுற்றி நார் எப்படிச் சுழித்துப் போகிறதோ அப்படியே ஓரத்தையும் சற்று வெளியே தள்ளி வரையுங்கள். கணு எடுத்துக்கொண்ட அகலத்தை அந்தப் புடைப்பு ஈடுசெய்யும். வயிற்றுப் பக்கமும் அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் கூடுதலாக விட்டுவிடுங்கள். டில்லரிங் செய்யும்போது அங்கே பென்சில் கோடு விழும். அதை மட்டும் பொருட்படுத்த வேண்டாம்.

முதுகு முழுமையாக இருக்கும்போது தோலோ துணியோ தேவையில்லை. இரண்டாவது துண்டில் வளையம் எங்கேனும் வெட்டுப்பட்டுவிட்டால், அதில் லினன் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். இந்த வில்லில் முதுகின் இரு விளிம்புகளை மட்டும் உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பில்தான் முதல் சிலாம்பு எழும்பும்.

முறுக்கை இப்போது தொட வேண்டாம். கைகள் 16 மில்லிமீட்டருக்கு வந்து, தரையில் ஊன்றினால் இணங்கும் நிலை வந்த பிறகு, ஹீட் கன்னால் வயிற்றுப் பக்கத்தை மெல்லச் சூடாக்கி, கிளாம்பு போட்டு எதிர்ப்பக்கம் திருகி, குளிரும்வரை அப்படியே விடுங்கள். அதன் பிறகு சில நாள் கொட்டகையிலேயே கிடக்கட்டும். சூட்டில் இழந்த ஈரத்தை மரம் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் நாணேற்றக் கூடாது. நாணுக்கு டாக்ரான் நூலே போதும். நீட்சியில்லாத நவீன நூல்கள் வால்நட் நுனியை அறுத்துவிடும். அவற்றைப் போடுவதானால் நாண் வெட்டின் மேல் கொம்போ ஓசேஜ் துண்டோ ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நாணேற்றிய பிறகு முதல் படத்தை நேர் பக்கவாட்டிலிருந்து எடுத்து இங்கே போடுங்கள். சுவரில் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தால் எந்த இடம் விறைத்து நிற்கிறது என்பதை நாங்களும் பார்த்துச் சொல்ல முடியும்.